வாய்ப் புற்று சிகிச்சை முடிந்த பிறகு: வாயைத் திறக்க, விழுங்க, தோளைத் தூக்க

குமரி மாவட்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய் ரேடியேஷன் (கதிர் சிகிச்சை) எடுக்கிற ஆறு, ஆறரை வாரமும் யாராவது ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பார். கடைசி நாள் முடிந்து மார்த்தாண்டமோ தக்கலையோ வந்து சேர்ந்துவிட்டால் அடுத்த ரிவ்யூ வரை வாரக்கணக்கில் பார்க்க ஆளில்லை. தாடை இறுகுவது அந்த இடைவெளியில்தான். புண் ஆறும், வலி குறையும், சாப்பாடு கொஞ்சம் இறங்கும். எல்லாம் சரியாகி வருகிறது என்று வீட்டார் நினைத்திருக்கும்போதே வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வரும்.

கன்னம், ஈறு, நாக்கு, கீழ்த்தாடை ஆகிய இடங்களில் அறுவையும் ரேடியேஷனும் முடித்தவருக்கும், அவரைக் கவனித்துக்கொள்பவருக்கும் எழுதியது இது. தொண்டைப் புற்றுக்காரருக்கும் விழுங்குவது பற்றிய பகுதி பொருந்தும். பயிற்சிகளைத் தொடங்கும் நாளை அறுவை செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாதாரணமாக அறுவைக்குப் பின் ஒன்று, இரண்டு வாரத்தில் அனுமதி கிடைக்கும். தாடை எலும்பை வெட்டித் தகடு வைத்திருந்தால் இன்னும் தாமதமாகும். அப்படிப்பட்டவர் அனுமதியில்லாமல் வாய்க்குள் எதையும் செருகக் கூடாது.

கேரளத்து மருத்துவமனைகளில் பயிற்சித் தாள் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் கிடைக்கும். மலையாளம் பேசினால் புரியும், வாசிக்கத் தெரியாது என்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தெரபிஸ்ட் செய்து காட்டுவதையும், நோயாளி அவர் முன்னாலேயே செய்வதையும் அனுமதி கேட்டு போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் பூட்டிக்கொள்கிறது

வாயை மூடும் தசைகள் கன்னத்தின் பின்புறமும் தாடையின் உள்பக்கமும் இருக்கின்றன. கதிர் பட்ட தசை ஆறும்போது அதன் இடத்தில் நார் மண்டுகிறது. நார் இழுத்தால் நீளாது, விட்டால் சுருங்கும். கதிர் முடிந்த முதல் ஒன்பது, பத்து மாதத்தில்தான் வாய் வேகமாக மூடுகிறது. அதற்குப் பிறகு வேகம் குறைந்தாலும் வருடக்கணக்கில் தொடரும். நார் கெட்டிப்படுவதற்கு முன் இழுத்து வைத்த அளவுதான் பிற்பாடு கையில் நிற்கும். கெட்டிப்பட்ட பிறகு ஒரு மில்லிமீட்டர் திரும்பப் பெறுவதற்கும் பெரும் பாடுபட வேண்டியிருக்கும்.

முறுக்கான் (வெற்றிலை பாக்கு) போடும் வழக்கம் நீண்ட நாள் இருந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாக்கினால் கன்னத்தின் உள்தோல் நோய்க்கு முன்பே வெளுத்து இறுகியிருக்கும், வாய் ஏற்கெனவே இரண்டு விரல் அளவுதான் திறந்திருக்கும். அவர்களுக்கு அறுவைக்கு முன்னால் இருந்த அளவே இலக்கு. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதுதான். ‘புகையிலையை விட்டுட்டேன், பாக்கு மட்டுந்தான்’ என்று சிகிச்சைக்குப் பிறகும் போடுகிறவர் என்ன பயிற்சி செய்தும் பயனில்லை.

முதலில் அளவு

அளக்காமல் செய்யும் பயிற்சி ஒரு மாதத்தில் நின்றுவிடும். கண்ணாடியில் பார்த்தால் நேற்றும் இன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். ஸ்கேலின் முனையிலிருந்து பூஜ்யக் கோடு சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும். அந்த ஓரத்தைப் பிளேடால் நறுக்கி, அரம் அல்லது உப்புத்தாளால் மழுக்கிக்கொள்ளுங்கள். முடிந்த மட்டும் வாயைத் திறந்து, மேல் முன்பல்லின் நுனிக்கும் கீழ் முன்பல்லின் நுனிக்கும் இடையே அளக்க வேண்டும். உதட்டிலிருந்து அளந்தால் தப்பு. ஒவ்வொரு முறையும் அதே இரண்டு பல். காலைப் பயிற்சிக்கு முன் ஒரு தடவை அளந்து, சமையலறைக் காலண்டரில் அன்றைய கட்டத்திலேயே எழுதிவிடுங்கள். முன்பல் இல்லாதவர் ஈறிலிருந்து ஈறுக்கு அளக்கலாம். அந்த எண் பல் உள்ளவர் எண்ணைவிடப் பெரிதாக வரும், ஒப்பிட வேண்டாம்.

நல்ல வாய் 40 முதல் 50 மி.மீ. வரை திறக்கும், தன் விரல் மூன்றைச் செங்குத்தாக அடுக்கி நுழைக்கலாம். 35-க்குக் கீழே போனால் பூட்டுவாய் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். 20-க்குக் கீழே போய்விட்டால் சாப்பிடுவது, பல் தேய்ப்பது எல்லாமே கஷ்டம், டாக்டர் உள்ளே பார்ப்பதும் கஷ்டம். மயக்க மருந்து கொடுக்கத் தொண்டையில் குழாய் போடுவதும் சிக்கலாகிவிடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

குச்சி அடுக்கு

தாடையை விரிக்கும் கருவிகள் விலைக்கு உண்டு, வெளிநாட்டுச் சரக்குக்கு விலை கடுமை. ஐஸ்கிரீம் குச்சி அடுக்கினாலே வேலை நடக்கும். கைவினைப் பொருள் விற்கும் ஸ்டேஷனரிக் கடையில் வண்ணம் பூசாத குச்சி ஒரு கட்டு வாங்குங்கள். சிலும்பு இருப்பதைக் கழித்துவிடுங்கள். பத்துக் குச்சியை அடுக்கி ஸ்கேலால் அளந்து பத்தால் வகுத்தால் ஒரு குச்சியின் தடிமன் தெரியும். பெரும்பாலும் 2 மி.மீ. ஒட்டி வரும். நனைந்த குச்சி ஊறிப் பருக்கும், அதனால் உலர்ந்ததையே அளக்க வேண்டும். தினமும் சோப்பு நீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள், வாரம் ஒருமுறை புதுக்கட்டு எடுங்கள்.

செய்முறை இது. வலி மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் அரைமணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான உப்பு, ஆப்பச்சோடா நீரால் வாய் கொப்பளியுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு உப்பு ஒரு டீஸ்பூன், சோடா ஒரு டீஸ்பூன். கன்னத்தின் வெளியே சூடு ஒத்தடம் கொடுக்கக் கூடாது. கதிர் பட்ட தோலில் உணர்ச்சி மழுங்கியிருக்கும், பொசுங்கினாலும் தெரியாது.

பிறகு குச்சி இல்லாமல் வாயைத் திறப்பது ஐந்து முறை, தாடையை வலம் இடமாக நகர்த்துவது ஐந்து, முன்னால் தள்ளுவது ஐந்து. கண்ணாடி முன்னால் செய்யுங்கள். தாடையின் ஒரு பகுதியை எடுத்திருந்தால் திறக்கும்போது அறுவை செய்த பக்கமாகவே கோணும். கைவிரலால் மோவாயை நடுவுக்குத் தாங்கிக்கொண்டு திறக்க வேண்டும்.

இனி அடுக்கு. முன்பல் இடைவெளியைவிடக் கடைவாய் இடைவெளி குறைவு, அதனால் கடைவாயில் எத்தனை குச்சி நுழைகிறது என்று பாருங்கள். அங்கே ஒன்பது நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டை ஒன்றாகப் பிடித்து, கடைவாய்ப் பற்களுக்கு இடையே, பல பற்கள் மேல் பாரம் பரவும்படி வையுங்கள். முன்பல்லில் வைத்தால் பல் ஆடிப்போகும். ஒன்பதாவது குச்சியை அடுக்கின் நடுவே மெதுவாகச் செருகுங்கள். இழுவை தெரியும் இடத்தில் 30 விநாடி நிறுத்தி எடுத்துவிட்டு, 30 விநாடி ஓய்வு. இப்படி ஐந்து முறை, ஒரு நாளில் ஐந்து வேளை. வேளையைச் சாப்பாட்டோடு கட்டிப் போடுங்கள், சாப்பிடுவதற்கு அரைமணி முன்னால் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவிப் பயிற்சி செய்பவர் மரப்பு முழுக்கத் தெளிந்த பிறகே சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும்.

மூன்று நாள் ஒரே எண்ணிக்கை சிரமமில்லாமல் போனால் இன்னொரு குச்சி கூட்டலாம். வாரம் ஒரு குச்சி ஏறினால் நல்ல வேகம். ரேடியேஷனின் மூன்றாவது வாரத்திலிருந்து முடிந்து ஒரு மாதம் வரை வாய் முழுக்கப் புண்ணாக இருக்கும்போது ஏறாது. இறங்காமல் பிடித்து நிறுத்தினாலே அந்த நாட்களில் வெற்றிதான்.

பொதுவாக எங்கே கெடுகிறது என்றால், அவசரத்தில். ஒரே நாளில் மூன்று குச்சி ஏற்றினால் தசை கிழிந்து வீங்கும், மறுநாள் வாய் இன்னும் குறையும், பயந்துபோய்ப் பத்து நாள் விட்டுவிடுவார்கள். இழுப்பது போன்ற வலி சரி. அது அரைமணிக்கு மேல் நீடித்தால் அளவு மிஞ்சிவிட்டது, ஒரு குச்சி குறையுங்கள். காதுக்கு முன்னால் குத்தல், ரத்தம், பல் ஆட்டம் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். திருகாணி போல முனை சிறுத்துத் திருகும் கருவியை வீட்டில் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. பாரமெல்லாம் இரண்டு பல்லில் இறங்கும், தெரபிஸ்ட் கண்முன் செய்யாமல் பழக வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒழுங்காகப் பயிற்சி செய்துகொண்டிருக்கும்போதே காலண்டரில் அளவு சட்டென்று 5 மி.மீ. குறைந்தாலோ, புதிய வலியோடு குறைந்தாலோ ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காதீர்கள். நோய் திரும்புவதும் தாடை எலும்பு அழுகுவதும் முதலில் இப்படியும் தலைகாட்டலாம்.

பயிற்சியை எப்போது நிறுத்தலாம்? முதல் வருடம் நிறுத்தவே கூடாது. 35-ஐ எட்டிய பிறகு ஐந்து வேளையை மூன்றாக்கலாம். அளவு இறங்காமல் இருக்கும்வரை மெல்லக் குறைத்து, ஒரு வேளையாவது பல ஆண்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கழுத்துத் தழும்பை விரலால் வட்டமாக ஐந்து நிமிடம் தேய்ப்பது நல்லது, தேங்காய் எண்ணெய் போதும். கதிர் முடிந்து தோல் முழுக்க ஆறிய பிறகு, ஒன்றரை மாதம் வாக்கில் தொடங்கலாம். நம் ஊரில் அடுத்து ஆசானிடம் போவார்கள். வர்ம ஆசான்கள் மேல் மரியாதை இருக்கட்டும். ஆனால் கதிர் பட்ட கழுத்தில் அழுத்தி உழிவதும் நெட்டி எடுப்பதும் வேண்டாம். அந்தத் தோலுக்கு நேர் கீழே மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது, கதிரால் அதுவும் தடித்திருக்கும். நெறிக்கட்டி எடுத்தவர்களுக்கு மோவாயின் கீழ் பை போல வீக்கம் தொங்கும், காலையில் அதிகமாக இருக்கும். தலைப்பக்கம் உயர்த்திப் படுப்பதும் தோலை மட்டும் நகர்த்தும் இலேசான தடவலும்தான் அதற்கு வழி. அழுத்தினால் வீக்கம் கூடும்.

நெஞ்சுத் தசையை எடுத்துக் கன்னத்தில் ஒட்டியிருக்கும் ஆண்களுக்கு வாய்க்குள் முடி முளைக்கும். நெஞ்சுத் தோல்தானே, பயப்பட ஒன்றுமில்லை. ரேடியேஷனில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். உதிராவிட்டால் ரிவ்யூவில் சொன்னால் கத்தரித்து விடுவார்கள்.

விழுங்குவது

ட்யூப் வழியாகச் சாப்பிடும் நாட்களிலும், தடை சொல்லாதவரை, எச்சிலையாவது விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா விட்ட தொண்டைத் தசை சில வாரத்திலேயே மெலிந்துவிடும். பலத்தோடு விழுங்கும் பயிற்சி: நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, தொண்டைத் தசை எல்லாவற்றையும் இறுக்கி எச்சிலை விழுங்குங்கள், வேளைக்குப் பத்து, நாளைக்கு மூன்று வேளை. மோவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையே சுருட்டிய துண்டை வைத்து, மோவாயால் அதை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிப்பது மூன்று முறை, பிறகு அழுத்தி விடுவது முப்பது முறை. நாக்கு நுனியைப் பல்லால் பிடித்துக்கொண்டு விழுங்கும் பயிற்சி சொல்லித் தந்திருந்தால் அதை எச்சிலோடு மட்டும் செய்யுங்கள், வாயில் உணவு இருக்கும்போது கூடாது.

இனி கஞ்சி. மெலிந்த உடம்புக்குக் கஞ்சிதான் என்று எல்லா வீட்டிலும் முதலில் சம்பா அரிசிக் கஞ்சியைத்தான் நீட்டுவார்கள். புரையேறுகிறவருக்கு மிக ஆபத்தான உணவுகளில் ஒன்று அது. தண்ணீரும் பருக்கையும் தனித்தனியாக இருக்கிறது. பருக்கையை மெல்லும்போதே தண்ணீர் முந்திக்கொண்டு மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். பயறு போட்டால் இன்னும் மோசம். அதே கஞ்சியை மிக்சியில் அரைத்து, வடிகட்டி, ஒரே சீராக்கிவிட்டால் நல்ல உணவு. புட்டு உதிரும், எச்சில் வற்றிய வாயில் ஒட்டிக்கொண்டு தொண்டையில் சிதறும், தவிர்க்கவும். மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) குழைய வேகவைத்து மீன் குழம்பின் சாற்றோடு சேர்த்து மசித்தால் இறங்கும், உலர்ந்ததாகக் கொடுத்தால் அடைக்கும். முள் நீக்கிய மீனையும் குழம்போடு அரைத்துவிடலாம். இடியாப்பம் தேங்காய்ப்பாலில் முழுக்க ஊறினால் சரி. ஏத்தன் (நேந்திரன்) பழத்தை அவித்து நடுவிலுள்ள நரம்பையும் கறுப்பு விதையையும் எடுத்துவிட்டு நெய்யோடு மசிக்கலாம்.

தண்ணீர், காபியிலேயே புரையேறுகிறவருக்கு எவ்வளவு கெட்டியாக வேண்டும் என்பதை விழுங்கல் தெரபிஸ்ட் சொல்வார். அதை வீட்டில் சரிபார்க்கலாம். ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள், பூஜ்யக் கோட்டிலிருந்து 10-ஆம் கோடு வரை 61.5 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். தண்டை உருவிவிட்டு, கீழ்த்துளையை விரலால் அடைத்து 10 மி.லி. ஊற்றி, விரலை எடுத்துச் சரியாகப் பத்து விநாடி ஒழுக விட்டு மறுபடி அடையுங்கள். மீதி 1 மி.லி.க்குக் கீழ் என்றால் தண்ணீர் போல, 1 முதல் 4 வரை என்றால் முதல் நிலைக் கெட்டி, 4 முதல் 8 என்றால் இரண்டாம் நிலை, 8-க்கு மேல் நின்றால் மூன்றாம் நிலை. கூவைக்கிழங்கு (ஆரோரூட்) மாவைக் காய்ச்சி இந்தக் கெட்டியைக் கொண்டுவரலாம். ஒரு எச்சரிக்கை: மாவால் கெட்டியாக்கியது எச்சில் பட்டால் நீர்த்துவிடும். வாயில் வைத்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விட்டால் பத்து நிமிடத்தில் கஞ்சி தண்ணீராகியிருக்கும். சாப்பிடத் தனிக் கிண்ணம், எடுக்கத் தனிக் கரண்டி வையுங்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்து, அரை டீஸ்பூன் அளவில், ஒருவாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். சாப்பிட்டு அரைமணி படுக்கக் கூடாது. இருமல் இல்லாமலே உள்ளே போவதும் உண்டு, அதனால் குரலைக் கேளுங்கள். சாப்பிட்ட பின் ‘ஆ’ என்று சொல்லும்போது களகளவென்று நீர்க்குரல் வந்தாலோ, அடிக்கடி காய்ச்சலோ சளியோ வந்தாலோ வாய்வழி உணவை நிறுத்தி மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். 50 கிலோ ஆளுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் 6 கிராம்தான், கஞ்சியை மட்டும் நம்பினால் கணக்கு எட்டாது. திங்கட்கிழமை காலை எடை பார்த்து அதே காலண்டரில் எழுதுங்கள்.

பல்லைப் பற்றி ஒரு சொல். எச்சில் வற்றியவர் பல் வேகமாகச் சொத்தையாகும். பல் டாக்டர் எழுதித் தரும் ஃபுளோரைடு ஜெல்லைத் தினமும் தடவுங்கள். பக்கத்து கிளினிக்கில் பல்லைப் பிடுங்குவதற்கு முன், பத்து வருடம் ஆகியிருந்தாலும், தாடையில் கதிர் பட்டதைச் சொல்லிவிட வேண்டும். பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பு அழுகக்கூடும்.

தோள்

கழுத்தில் நெறிக்கட்டி எடுக்கும்போது தோள்பட்டைத் தசைக்குப் போகும் நரம்பு இழுபடும், சிலருக்கு வெட்டவும் வேண்டிவரும். உங்கள் நரம்பைக் காப்பாற்றினார்களா, எடுத்துவிட்டார்களா என்பது ஆபரேஷன் குறிப்பில் இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காப்பாற்றியிருந்தால் சில மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பலம் திரும்பும். எடுத்திருந்தால் திரும்பாது, மற்றத் தசைகளைப் பழக்கித்தான் கையைத் தூக்க வேண்டும். இரண்டிலும் தொடக்கப் பயிற்சி ஒன்றே.

உட்காரும்போது கையைத் தொங்க விடாமல் தலையணை மேல் வையுங்கள். நாள் முழுக்கக் கையைத் தூளியில் தொங்கவிட்டுக் கட்டினால் மூட்டு உறைந்துவிடும். மல்லாந்து படுத்து இரண்டு கையாலும் ஒரு கம்பைப் பிடித்து, நல்ல கையால் மற்றக் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோங்கள், பத்து முறை, நாளைக்கு இரண்டு வேளை. நெஞ்சுத் தசை எடுத்து ஒட்டியிருந்தால் டாக்டர் சொல்லும்வரை தோள் உயரத்தோடு நிறுத்துங்கள். பிறகு உட்கார்ந்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்து 5 விநாடி பிடிப்பது பத்து முறை. அது நன்றாக வந்த பிறகுதான் பாரம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கி, பன்னிரண்டு முறை இரண்டு சுற்று வலியில்லாமல் முடிந்தால் அடுத்த அரைக் கிலோ. உடம்பைச் சாய்த்துக் கையை உயர்த்துவது கண்ணுக்குத் தூக்கியது போலத் தெரியும், தசைக்கு அதில் வேலையே இல்லை.

களைப்பும் வேலைக்குத் திரும்புவதும்

களைப்புக்குப் படுக்கை மருந்தல்ல. வாரம் மூன்று நாள் அரைமணி நடை போதும், முதலில் பத்து நிமிடமாகப் பிரித்து நடக்கலாம். நம் மாவட்டத்தில் இரண்டு மழையும் பெய்யும், மழை நாளில் வீட்டு வராந்தாவில் நடந்தாலும் கணக்குத்தான். நடந்தும் களைப்பு தீராவிட்டால் தைராய்டைப் பாருங்கள். கழுத்தில் கதிர் பட்டவர் பலருக்கு அது மெதுவாகச் செயல் இழக்கும், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தச் சோதனை வழக்கமாக வேண்டும்.

வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு கேளுங்கள்.

ரப்பர் பால்வெட்டுக்குத் திரும்புகிறவர் 40, 50 மரத்தில் தொடங்கி வாரம் 25 கூட்டலாம். ஒட்டுமரத்தின் முதல் வெட்டு 125 செ.மீ. உயரத்தில் தொடங்குவதால் நெஞ்சளவில் கை நிற்கும், அந்த மரங்களை முதலில் எடுங்கள். ஏணி வைத்தோ கையை உயர்த்தியோ வெட்டும் மேல் வெட்டு முதல் வருடம் வேண்டாம். பத்து லிட்டர் பால் ஏறக்குறைய பத்துக் கிலோ. அதை அறுவை செய்த பக்கத்துக் கையில் தொங்கவிட்டால் தோள் இறங்கிக்கொண்டே போகும், நல்ல கையில் பாதி வாளியாக இரண்டு நடை கொண்டுவாருங்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறியவருக்குப் பாதம் மரத்திருக்கலாம், விடியுமுன் இருட்டில் குச்சியோ சிரட்டைச் சில்லோ குத்தினாலும் தெரியாது. மூடிய ஷூ போட்டுக்கொண்டு, திரும்பி வந்ததும் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.